செட்டிநாட்டு வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டின் முன்கட்டையும் (முன்பகுதியை), காரைக்குடி ஊருக்குள் ஒரு ஃபிளாட்டையும் நாள் வாடகைக்கு விட்டு நடத்திவருகிறேன். கல்யாண வீட்டில், பஸ்ஸில், வாட்ஸ்அப்பில் என்று எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி கேள்விகள்தான் வருகின்றன. தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று இது.

எங்கள் வீடு வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கிறது. விட்டால் நல்ல காசு வருமா?

வரும், ஆனால் அதை வைத்துப் பணக்காரர் ஆகிவிடலாம் என்று நினைத்தால் வேண்டாம். வீடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளட்டும், ஓடு மாற்றவும் கரையான் மருந்து அடிக்கவும் பங்காளிகளிடம் கையேந்தாமல் இருக்கட்டும் என்று நினைத்தால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அறை, இரவுக்கு 3,000 ரூபாய், சீசனில் அறைக்கு மாதம் 10 இரவு நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால் 60,000. புக்கிங் தளத்துக்கு 15 சதவீதம் என்றால் 9,000 போகும். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு 15,000, கரண்ட், சலவை, காலைச் சாப்பாடு, சோப்பு, பினாயில் எல்லாம் சேர்த்து இன்னொரு 15,000. மிச்சம் 21,000. இது சீசன் கணக்கு. சித்திரை, வைகாசி வெயிலில் இதில் பாதி வந்தாலே பெரிது, ஆனால் சம்பளம் பன்னிரண்டு மாதமும் கொடுத்தாக வேண்டும். மழைக்கு முன்னால் கூரையைப் பிரித்துப் பார்க்கும் செலவும் இந்தப் பணத்திலிருந்துதான். பூட்டிக் கிடக்கிற வீடு ஒரு ரூபாய் தராமலேயே வருஷா வருஷம் கெட்டுப்போகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. நான் மட்டும் ஆரம்பிக்கலாமா?

இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். நம் ஊரில் கட்டில் மெத்தை வாங்குவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இதுதான்.

புள்ளிக்கு (பங்காளிக் குடும்பத்துக்கு) ஓர் அறை, அந்த அறைக்கு அவரவர் பூட்டு, வளவும் பட்டாலையும் (நடுமுற்றமும் அதை ஒட்டிய கூடமும்) எல்லோருக்கும் பொது என்று இருக்கும் வீட்டில் உங்கள் அறையை மட்டும் விட்டாலும் விருந்தாளி நடப்பது பொது இடத்தில்தான். ஆகையால் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் வரைக்கும் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். போனில் "சரிப்பா, செய்" என்று சொன்னவர் அடுத்த வருஷம் படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் போடும் குடும்ப வழிபாட்டுக்கு) வந்து தன் அறை வாசலில் வேற்று ஆள் செருப்பைப் பார்த்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். முத்திரைத்தாளில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எந்த அறைகள் விடப்படும், எவை விடப்படாது; வரும் பணத்தில் முதலில் வீட்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது; மிச்சத்தை எப்படிப் பிரிப்பது; கணக்கை யார் எழுதி யாருக்குக் காட்டுவது. மாதக் கணக்கைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள், யாரும் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கேட்டபிறகு காட்டுகிற கணக்குக்கு மதிப்பு குறைவு.

இன்னொன்று, நாள்காட்டி. படைப்பு, கல்யாணம், சாந்தி, திருவாதிரை, புதுமை என்று வீட்டுக்காரர்களுக்கு வீடு தேவைப்படும் நாட்களை வருஷ ஆரம்பத்திலேயே வாங்கி, புக்கிங் தளத்தில் அந்த நாட்களை அடைத்துவிட வேண்டும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் கடைசி நேரத்தில் ஒரு தகவல் வரும், எதிர்பார்த்தே இருங்கள். துக்கம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அப்படி ஒரு நாளில் விருந்தாளியை எங்கே அனுப்புவது என்று பக்கத்து ஊரில் இதே தொழில் செய்பவர் ஒருவரிடம் முன்பே பேசிவைத்திருந்தால், அவருக்கு ஒரு நாள் நீங்கள், உங்களுக்கு ஒரு நாள் அவர்.

சாமி அறையைப் பூட்டியே வைத்துவிடுங்கள். அதில் விவாதமே வேண்டாம்.

எங்களிடம் பெரிய வீடு கிடையாது. காரைக்குடியில் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்தான். அதற்கு ஆள் வருமா?

தாராளமாக வரும், சொல்லப்போனால் ஃபிளாட் வருஷம் முழுக்க ஓடும். வெளிநாட்டுக்காரர் தேக்குத் தூணைத் தேடி வருவார். ஃபிளாட்டுக்கு வருபவர்கள் வேறு ஆட்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்கவும் பட்டமளிப்பு விழாவுக்கும் வருகிற பெற்றோர், சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு வரும் ஆராய்ச்சியாளர்கள், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வைரவன்பட்டி என்று கோயில் பார்க்கக் குடும்பத்தோடு வேனில் வருபவர்கள், பங்குனியில் கம்பன் விழாவுக்கு வருபவர்கள், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்து மண்டபத்தில் படுக்க முடியாதவர்கள். இவர்களுக்குத் தேவை சுத்தமான இரண்டு பாத்ரூம், ஏசி, காபி போட ஓர் அடுப்பு, வண்டி நிறுத்த இடம், லிஃப்ட் அல்லது கீழ்த்தளம். பாட்டி இல்லாமல் எந்தக் குடும்பமும் கோயிலுக்கு வருவதில்லை, அதனால் வெஸ்டர்ன் டாய்லெட்டும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் கட்டாயம்.

அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தில் முதலில் சொல்லி அனுமதி வாங்குங்கள். ஒளித்துச் செய்தால் அதிகபட்சம் இரண்டு வாரம் தாங்கும்.

ஃபிளாட்டைச் "செட்டிநாட்டு அரண்மனை அனுபவம்" என்று விளம்பரம் செய்யாதீர்கள். "காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம், அமைதியான தெரு, சமையலறை உண்டு" என்று உள்ளதைச் சொன்னாலே அதைத் தேடுகிற ஆள் வருவார்.

பழைய வீட்டில் முதலில் எதற்குச் செலவு செய்வது?

பாத்ரூம். அப்புறம் படுக்கை. அப்புறம் ஒயரிங். பெல்ஜியம் கண்ணாடிக்குப் பாலிஷ் போடுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

நம் வீடுகளில் அறையோடு ஒட்டிய பாத்ரூம் கிடையாது, கொல்லைப் பக்கம்தான் எல்லாம். விருந்தாளி ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று கட்டு தாண்டி நடக்க மாட்டார். எனவே ஒரு முழு அறையையே பாத்ரூமாக்கி இரண்டு பக்கமும் அறை வருவது மாதிரி செய்யலாம், அல்லது பக்கவாட்டில் புதிதாகச் சேர்க்கலாம். எப்படிச் செய்தாலும் தண்ணீர்க் குழாயைச் சுண்ணாம்புச் சுவருக்குள் புதைக்காதீர்கள், வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை. உள்ளே கசிந்தால் தெரியும்போது பூச்சு உதிர்ந்து, தேக்கு நிலைக்காலும் ஊறிப்போயிருக்கும். தரை வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொத்தனாருக்குக் கடைசிப் பணம் கொடுக்க வேண்டும். காற்றுப்போக்கு இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம். அதில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை, குளிக்கப் போனவர் மயங்கி விழுந்துவிடுவார். கரண்ட் கீசரோ சோலாரோ போதும்.

ஒயரிங் விஷயத்தில் பழைய மரப்பட்டி ஒயரில் ஏசி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. லோடு எவ்வளவு என்று கணக்கிட்டுப் புது இழுப்பு இழுத்து, 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போடுங்கள். வீடு முழுக்க மரம் என்பதை மறக்கக் கூடாது, தீயணைப்பான் கட்டுக்கு ஒன்று இருக்கட்டும்.

சுவர் கனமாக இருப்பதால் முகப்பில் வைத்த வைஃபை இரண்டாம் கட்டுக்கு வராது. கட்டுக்கு ஒரு மெஷ் ரவுட்டர் வேண்டும். ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம், கட்டிலுக்குக் கொசுவலை, வெள்ளைத் துண்டு, தலைக்குப் பக்கத்தில் ஸ்விட்சும் பிளக்கும். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து செடி மண்டியிருந்தால் அதையும் உங்கள் செலவில் வெட்டிவிடுங்கள், பாம்பு எல்லை பார்த்து நிற்பதில்லை.

வீட்டைப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டால் இன்னும் நல்லதுதானே?

தயவுசெய்து செய்யாதீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசித் தேய்த்த சுவர் இன்னும் பளிங்கு மாதிரி குளிர்ச்சியாக இருக்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவரிலிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளித்து உரியும். சுண்ணாம்பில் விரிசல் விட்டால் சுண்ணாம்புதான் வைக்க வேண்டும். சிமெண்டு வைத்து அடைத்தால் அது சுண்ணாம்போடு ஒட்டி வராமல் பக்கத்திலேயே புது விரிசல் விடும். பழைய பூச்சு வேலை தெரிந்த கொத்தனார்கள் நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடுதல்தான், கொடுங்கள். அவர்களுக்கு வேலை கிடைத்தால்தான் அடுத்த ஆள் அந்த வேலையைக் கற்றுக்கொள்வான்.

ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட டைல்) பதித்த தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம், நிறம் போய்விடும். தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் நடக்க நடக்க மெருகு ஏறும். எண்ணெய் தடவிய அன்று விருந்தாளி வருகிறார் என்றால் வழுக்காமல் உலர்த்தித் துடைத்துவிடுங்கள். உடைந்த கல்லுக்கு அதே பூ போட்டு ஆத்தங்குடியில் செய்து தருவார்கள், ஒரு மாதிரியை எடுத்துப் போனால் போதும்.

2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. இன்றுவரை எத்தனையோ வீடுகள் இடிபட்டு, தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. நிற்கிற வீட்டை நிற்கிற மாதிரியே வைத்திருப்பதுதான் வருகிறவர்களுக்கு நாம் தரக்கூடிய பெரிய பொருள்.

அரசாங்கத்தில் என்னென்ன பதிவு செய்ய வேண்டும்?

தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டே மற்றும் பி அண்ட் பி (படுக்கையும் காலைச் சாப்பாடும்) பதிவு இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டமும் உண்டு. அதில் 1 முதல் 6 அறை வரை, அதிகபட்சம் 12 படுக்கை, உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். தரத்தைப் பார்த்துத் தங்கம், வெள்ளி என்று இரண்டு வகை. நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு வீட்டை ஆள் வைத்து நடத்தினால் அந்தத் திட்டத்துக்குள் வர மாட்டீர்கள். உள்ளாட்சியில் தொழில் உரிமம், சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவு இரண்டையும் விடாதீர்கள். வீட்டு மின் இணைப்பில் வணிகம் நடத்துவது கூடாது, மின்வாரியத்தில் நேரில் போய் எந்தக் கட்டண வகை என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி: ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக நீங்கள் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவில்லாத வீட்டுக்காரர் ஆன்லைன் தளம் வழியாக அறை விட்டால் அந்த ஜிஎஸ்டியைத் தளமே வசூலித்துக் கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். வருமான வரியில் இது வீட்டு வாடகையா தொழில் வருமானமா என்பதை ஓர் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். சாப்பாடு, சுத்தம் செய்வது எல்லாம் சேர்த்துக் கொடுக்கும்போது பெரும்பாலும் தொழில் வருமானம் என்றுதான் பார்ப்பார்கள்.

வெளிநாட்டுக்காரர் வந்தால் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆமாம், இதில் அலட்சியம் கூடாது. அவர் வந்து 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரங்களை வெளிநாட்டவர் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஃபார்ம் சி என்று ஊரில் எல்லோரும் சொல்வது இதைத்தான். 2025-ல் புதிய குடியேற்றச் சட்டம் வந்த பிறகும் தங்கவைப்பவரின் இந்தக் கடமை தொடர்கிறது. முதலில் உங்கள் வீட்டுக்கு ஒரு கணக்குத் தொடங்க வேண்டும், அனுமதி மாவட்டக் காவல் அலுவலகம் வழியாக வரும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்றால் சிவகங்கை. கடியாபட்டி, ராயவரம், அரிமளம் என்றால் புதுக்கோட்டை. பக்கத்து ஊர்க்காரர் போன அலுவலகத்துக்கே நீங்களும் போய் நிற்காதீர்கள்.

நம் ஆட்கள் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் தமிழர், பூர்வீகம் தேவகோட்டையாகவே இருக்கட்டும், கையில் வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தால் அவருக்கும் இது பொருந்தும். "நம்ம பிள்ளைதானே" என்று விட்டுவிடக் கூடாது.

உள்நாட்டு விருந்தாளியிடம் ஆதார் வாங்கினால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள், அல்லது ஓட்டுநர் உரிமம் போதும். முழு ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிப் போனிலேயே வைத்திருப்பது அவர்களுக்கும் ஆபத்து, உங்களுக்கும் தொல்லை.

கல்யாணமாகாத ஜோடி வந்தால் கொடுக்கலாமா?

சட்டம் தடுக்கவில்லை. கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், இருவரும் வயதுவந்தவர்களாக இருந்தால் ஒன்றாகத் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. இருவரின் அடையாள அட்டையையும் வாங்கிப் பதிவேட்டில் எழுதுங்கள், அவ்வளவுதான். பங்காளிகளுக்கு இதில் மனவருத்தம் வரும் வீடு என்றால் அந்தப் பேச்சை ஆரம்பிக்கும்போதே பேசி முடிவெடுங்கள், வாசலில் பெட்டியோடு நிற்பவரிடம் பேசாதீர்கள்.

வாடகையை எப்படி நிர்ணயிப்பது?

கானாடுகாத்தானில் விசாலம், காரைக்குடியில் பங்களா, கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் மாதிரி இடங்களின் விலையைப் பார்த்து அதில் கொஞ்சம் குறைத்து வைப்பவர்கள் உண்டு. அங்கே நீச்சல் குளம், சமையல்காரர், இரவு பகலாக ஆட்கள் என்று ஒரு ஹோட்டலே நடக்கிறது, அந்த விலை அதற்கானது. உங்கள் ஊரில் உங்களைப் போல இரண்டு மூன்று அறை வைத்திருப்பவர் என்ன வாங்குகிறார் என்று பாருங்கள். முதல் சில மாதம் அவரைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்து நல்ல ரிவ்யூ சேர்ந்ததும் ஏற்றுங்கள். கார்த்திகை முதல் மாசி வரை ஒரு விலை, வெயிலுக்கு ஒரு விலை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி நாட்களுக்கு ஒரு விலை. காலைச் சாப்பாட்டை விலைக்குள் சேர்த்துவிடுங்கள். சில்லறை சில்லறையாகக் கேட்பது நம் ஊர் வழக்கத்துக்கே ஒத்துவராது.

எந்தத் தளத்தில் போடுவது? ரிவ்யூ எப்படி நல்லதாக வாங்குவது?

ஏர்பிஎன்பி, புக்கிங் டாட் காம் இரண்டிலும் போட்டு, நாள்காட்டிகளை இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும். கூகுள் மேப்பில் வீட்டைச் சரியான வாசலில் குறியுங்கள், ஏனென்றால் நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன, டிரைவர் பின்வாசலில் நின்று ஹாரன் அடிப்பார்.

ஏர்பிஎன்பியில் சூப்பர்ஹோஸ்ட் (நன்றாக நடத்துபவருக்குத் தளம் தரும் பட்டம்) ஆக 4.8 மதிப்பெண், கேள்விகளில் 90 சதவீதத்துக்கு உரிய நேரத்தில் பதில், நீங்களாக ரத்து செய்வது 1 சதவீதத்துக்கும் கீழே என்று கேட்கிறார்கள். மூன்றிலும் கஷ்டமானது கடைசிதான், பங்காளிகள் விஷயத்தை அவ்வளவு நீட்டிச் சொன்னதற்கும் காரணம் அதுவே. படம் காலை வெயில் வளவில் விழும்போது எடுங்கள். பாத்ரூம் படம் கட்டாயம் போடுங்கள், படம் இல்லாத பாத்ரூமைப் பற்றி ஆட்கள் மோசமாகத்தான் கற்பனை செய்வார்கள். குறைகளையும் எழுதிவிட வேண்டும்: படி செங்குத்து, நிலை தாழ்வு, தலை இடிக்கும், விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கி கேட்கும், மயில் கத்தும். சொல்லிவைத்த குறைக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

நான் ஊரில் இல்லை. வீட்டை யார் பார்த்துக்கொள்வது?

இந்தத் தொழிலே அந்த ஒரு ஆளில்தான் நிற்கிறது. வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் ரிவ்யூவில் தூணைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு, காபி கொடுத்த அக்காவைப் பற்றி ஐந்து வரி எழுதுகிறார்கள். எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் யார் களைத்து வந்திருக்கிறார்கள், யாருக்குப் பேச்சுத் துணை வேண்டும், யாரைத் தனியாக விட வேண்டும் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரியும். அதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே கூட்டித் தெளித்து, விளக்கேற்றி, மழைக்கு ஓடு பார்த்துவரும் ஒருவர் இருப்பார். அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். வாட்ச்மேன் சம்பளம் கொடுத்துவிட்டு ஹோட்டல் வேலை வாங்காதீர்கள். ஒழுங்கான சம்பளம், வாரத்தில் ஒருநாள் விடுப்பு, அன்றைக்கு மாற்று ஆள், ஒவ்வொரு இரவு வாடகைக்கும் ஒரு சிறு பங்கு. அந்தப் பங்கு வந்துவிட்டால் பாத்ரூம் மூலையில் முடி கிடக்கிறதா என்று நீங்கள் சென்னையிலிருந்து போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்காது. விருந்தாளி கொடுக்கும் டிப்ஸ் முழுக்க அவருக்குத்தான். அவர் செய்யும் சின்னச் செலவுகளுக்குக் கையில் ஒரு தொகை கொடுத்து வையுங்கள், பல்பு மாற்ற உங்களிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கக் கூடாது. போனில் மொழிபெயர்ப்புச் செயலியை எப்படிப் பேசிப் பயன்படுத்துவது என்று காட்டிவிட்டால் பிரெஞ்சுக்காரர் வந்தாலும் சமாளித்துவிடுவார்.

பூட்டில் நம்பர் போட்டு, ஆள் முகமே பார்க்காமல் உள்ளே அனுப்பும் முறை ஃபிளாட்டுக்குச் சரி. செட்டிநாட்டு வீட்டுக்கு அது ஆகாது. வாசலில் ஒருவர் நின்று "வாங்க" என்று சொல்ல வேண்டும்.

சாப்பாடு?

காலையில் இடியாப்பமும் கோஸ்மல்லியும், அல்லது வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், ஒருநாள் கவுனி அரிசி. இது போதும், இதைத் தேடித்தான் வருகிறார்கள், டோஸ்ட்டும் ஆம்லெட்டும் கேட்டால் மட்டும். மதியமோ இரவோ இலைச் சாப்பாடு வேண்டும் என்றால் முதல்நாளே சொல்லச் சொல்லுங்கள், ஆச்சிகள் யாராவது சமைத்துத் தரும் வீடாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

வெளியூர் ஹோட்டல்களில் மிளகாய்ப் பொடியை அள்ளிப் போட்டுச் செட்டிநாடு என்று பெயர் வைத்ததால் நம் சமையல் என்றாலே நாக்கு எரியும் என்று நினைத்து வருகிறார்கள். வீட்டுச் சமையலில் சோம்பு, பட்டை, கல்பாசி மணம்தான் முன்னால் நிற்கும், காரம் பின்னால் வரும். அதை அவர்கள் நம் வீட்டில் தெரிந்துகொண்டு போகட்டும். அசைவம் சமைக்காத அடுப்படி என்றால் அதைத் தளத்திலேயே எழுதிவிடுங்கள், மதுவுக்கும் அப்படியே.

எல்லோரும் ஒரே இரவு தங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். என்ன செய்வது?

பாண்டிச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை, அங்கிருந்து கேரளா என்று பயண ஏஜெண்டுகள் போட்டுவைத்த பாதையில் நமக்குக் கிடைப்பது ஓர் இரவுதான். மதியம் வந்து, கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் படம் எடுத்து, காலையில் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாவது இரவுதான் உங்கள் லாபம், ஏனென்றால் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை ஒரே தடவைதான்.

அதற்கு ஒரு முழு நாளை நீங்கள் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டும். காலையில் வெயில் ஏறும் முன் ஆத்தங்குடி. கண்ணாடிப் பலகை மேல் வண்ணத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு ஒரு கல் உருவாவதை நின்று பார்க்கலாம், அப்படியே பெரிய வீட்டையும் பார்க்கலாம். வழியில் கண்டாங்கி நெய்யும் தறி. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை அது. மதியம் சாப்பிட்டு வளவில் ஒரு தூக்கம். கோயில்கள் மதியம் நடை சாத்தி 4 மணிவாக்கில் திறப்பதால் அதற்கப்புறம் பிள்ளையார்பட்டி, அங்கிருந்து குன்றக்குடி. கோட்டை பிடித்தவர்களுக்குத் திருமயம், ஓவியம் பிடித்தவர்களுக்குச் சித்தன்னவாசல். இதை ஒரு தாளில் எழுதி, ஆட்டோக்காரர் பெயரும் பேசிய தொகையும் போட்டு, புக்கிங் வந்த அன்றே அனுப்பிவிடுங்கள். வந்தபிறகு சொன்னால் பயனில்லை, மதுரையில் ரூம் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். இரண்டாம் இரவுக்குக் கொஞ்சம் விலை குறைத்தும் கொடுங்கள்.

ஊர்க்காரர்களிடமும் பேசிவையுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருப்பதைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பதை விருந்தாளியிடம் சொல்வது உங்கள் பொறுப்பு.

கேமரா வைக்கலாமா?

வெளிவாசலில் வைக்கலாம், தளத்தில் குறிப்பிட்டுவிட்டு. உள்ளே கூடாது. ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவை முழுக்கத் தடை செய்துவிட்டது, வளவும் உள்ளேதான்.

சினிமா ஷூட்டிங்குக்குக் கேட்கிறார்கள். விடலாமா?

ஒருநாள் பணம் ஒரு மாத வாடகை மாதிரி தெரியும். சுவரில் ஆணி அடிப்பது, தரையில் டிராலி ஓட்டுவது, ஜெனரேட்டர், நூறு பேர் டாய்லெட் எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள். விடுவதென்றால் முன்பணம், ஒவ்வொரு அறைக்கும் முன்னும் பின்னும் வீடியோ, ஆணிக்குத் தடை, வாடகைக்குச் சமமான டெபாசிட் எல்லாம் எழுத்தில் வேண்டும். விருந்தாளி தங்கியிருக்கும் நாளில் எந்த விலைக்கும் கூடாது.

விருந்தாளி பொருளை உடைத்துவிட்டால்?

டம்ளர், தட்டு உடைந்தால் கேட்காதீர்கள். விலைமதிப்புள்ளதை விருந்தாளி புழங்கும் அறையில் வைக்கவே வேண்டாம். அப்பத்தா சீர் கொண்டுவந்த வெள்ளிப் பாத்திரமும் தஞ்சாவூர்ப் படமும் பூட்டிய அறையில் இருக்கட்டும். புழங்கும் இடத்தில் எனாமல் தூக்குச்சட்டி, மரப்பெட்டி, கொட்டான் போதும், பார்க்கவும் நன்றாக இருக்கும். பெரிய சேதம் என்றால் அன்றைக்கே படம் எடுத்து, அவர் கிளம்புவதற்கு முன் பேசி, தளத்திலும் பதிவு செய்துவிட வேண்டும். அடுத்த விருந்தாளி உள்ளே வந்துவிட்டால் யார் செய்தது என்று நிரூபிக்க முடியாது. வீட்டுக் காப்பீடு வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்துமா என்று கம்பெனியிடம் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் ஆளே வராது. பூட்டிவிடலாமா?

அறைகளைப் பூட்டலாம், வீட்டைப் பூட்டாதீர்கள். பங்குனி கடைசியிலிருந்து ஆனி வரை நான் விருந்தாளிகளைக் குறைத்துக்கொண்டு அந்த மாதங்களில்தான் வேலை பார்க்கிறேன்: ஓடு பிரித்து மாற்றுவது, வாய்க்கால், தூம்பு அடைப்பு எடுப்பது, மெத்தைகளை வெயிலில் போடுவது, தேக்குக்கு எண்ணெய், செப்டிக் டேங்க். பள்ளி விடுமுறைக்கு வெளியூரிலிருந்து வரும் நம் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் வீட்டை மொத்தமாகக் கொடுத்தால் அதுவும் ஓடும். பிள்ளைகள் வளவில் தண்ணீர் இறைத்து விளையாடட்டும், கீழ்வாசல் தூம்பை மட்டும் முன்பே சுத்தம் செய்துவிடுங்கள்.